இருபத்தைந்து நாள் கரட்

தனக்காக அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தவர்களுக்காக அவர் சொன்ன பொய்களுக்கோ அளவே இல்லை.

டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவில் அவர் முப்பது வருஷமாகப் பூந்தோட்ட வேலை பார்த்தார். புல்வெளி, ரோஜா, டேலியா, வாசலுக்கு இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்ட சைப்ரஸ் வேலி எல்லாம் அவர் வளர்த்தவை. எத்தனையோ துரைமார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவரும் ரோஜாவும் அங்கேயே இருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்தது அவருடையது. நடுச் சுவர் கூரை வரை எட்டாது. அவர் வீட்டில் பேசியதெல்லாம் எங்கள் வீட்டிலும் பேசிய மாதிரிதான். சொந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி எனக்கு அத்தை.

ஒருவர் ஆசையாய்ச் செய்த காரியம் கெட்டுப்போய், அதைப் பார்த்து அந்த ஆள் முகம் சுண்டி நிற்பதை மாமாவால் தாங்க முடியாது. உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காரணத்தில் செய்தவர் மேல் ஒரு குற்றமும் இருக்காது.

ஒருநாள் எங்கள் அம்மா குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். ஒரு கிண்ணம் குழம்பு அவர் வீட்டுக்கும் போயிருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து, "மழை நாள்ல உப்பு அப்பிடித்தான் தங்கச்சி. ஈரம் ஏறிக் கனத்துப் போவுது. ஒரு கரண்டி போட்டா ரெண்டு கரண்டியா விழுவுது" என்றார். அம்மா இன்றுவரை மழை பெய்தால் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறாள்.

கடைசிக் காம்பராக்காரர் கட்டிய கோழிக்கூடு கட்டின மூன்றாம் நாளே சரிந்தது. ஆணியே ஒழுங்காக அடிக்காத கூடு அது. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "கூட்டுல ஒண்ணும் கொறையில்ல. நெலந்தான் எறங்கியிருக்கு" என்றார். மண்சரிவு வரும் எங்கள் பக்கத்தில் நிலம் இறங்குகிறது என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்லக் கூடாது. அன்று மாலைக்குள் இரண்டு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் கிராம அலுவலர் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோழிக்கூட்டையும் ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கும் இது நடந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் நான் சித்தியடையவில்லை. அழுதுகொண்டு மூலையில் கிடந்தேன். மாமா லயம் முழுக்கப் போய், "பேப்பர் திருத்துனதுல ஏதோ கொழப்பமாம். மறுபடி பாக்குறாங்களாம்" என்று சொல்லிவிட்டார். அவர் நினைத்தது என் மானத்தைக் காப்பாற்ற. நடந்தது என்னவென்றால், ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "திருத்தி வந்துருச்சா புள்ள?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள். அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினேன். லயத்தில் யாரும் என்னைப் பாராட்டவில்லை. அரசாங்கம் ஒருவழியாகத் தன் பிழையை ஒத்துக்கொண்டதே என்றுதான் சந்தோஷப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். கொரோனா ஊரடங்குக் காலத்தில் அவர் செய்த காரியத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அப்போது நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரடங்கு என்று செய்தி வந்ததும் கிடைத்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டி, பதினான்கு நாள் வீட்டை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்றார். அந்தப் பதினான்கு நாளும் வாசலில் அரிசியையும் தேங்காயையும் வைத்துவிட்டுப் போனது மாமாதான்.

நாடே வீட்டில் முடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். தோட்டம் முடங்கவில்லை. கொழுந்துக்கு ஊரடங்கு கிடையாது. ஒரு வாரம் விட்டால் முற்றிப்போகும். அதனால் பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு எப்போதும்போல மலைக்குப் போனார்கள். போனில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒரு குரல் வந்து, வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள் என்று சொல்லும். அத்தை அதை முழுக்கக் கேட்டு, "சரிங்க" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுக் கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.

நேரம் போகாமல் தவித்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று துரைசாணி, அதாவது துரையின் மனைவி.

அவர்களுக்கு ஒரே மகள், மெல்பேர்னில் படித்துக்கொண்டிருந்தாள். சித்திரை வருஷப் பிறப்புக்கு வருவதாக இருந்தவள் விமானம் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். பங்களாச் சமையல்காரர் லீவில் கினிகத்தேனைக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். பதினான்கு நாள் முடிந்ததும், சிங்களம் பேசவும் கறி சமைக்கவும் தெரியும் என்பதற்காக மாமா சொல்லி என்னைப் பங்களாவுக்கு எடுத்தார்கள். போன பிறகு எனக்குப் படம் எடுக்கவும் தெரியும் என்று துரைசாணி கண்டுபிடித்தார். அதோடு சமையல் இரண்டாம் வேலை ஆகிவிட்டது.

துரைசாணி நல்ல மனுஷி. கத்திப் பேசியதை நான் கேட்டதில்லை. என்னிடம் சிங்களத்திலும் மாமாவிடம் தமிழிலும் பேசுவார். காலையிலிருந்து போனில் வீடியோ பார்ப்பார். அதில் பார்த்ததைப் பிற்பகலில் செய்வார். பழைய டயர்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார். பிளாஸ்டிக் போத்தல்களைப் பாதியாக வெட்டி விறாந்தை முழுக்கக் கம்பியில் தொங்கவிட்டார். துரை ஒவ்வொரு நாளும் அவற்றில் தலையை இடித்துக்கொண்டு காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனார். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெஞ்சு செய்தார். முதல்முதலாக அதில் உட்கார்ந்ததும் துரைதான். அவர் தரையிலிருந்து எழும்புவதற்குள் மாமா ஓடிவந்து, "பலகையில பூச்சி அரிச்சிருக்குதுங்க. வேலையில கொறையே இல்ல" என்றார்.

அப்புறம் காய்கறித் தோட்டம். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த பூப்பாத்திகளைக் கொத்தச் சொன்னார். மாமா கொத்திக் கொடுத்தார். அவர் கையால் வளர்த்த டேலியா அத்தனையும் அன்று போயிற்று. கொத்தி முடித்ததும் துரைசாணி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இனி எல்லாம் நான் செய்றேன். நீங்க ஒண்ணும் தொட வேண்டாம். அம்மா தனியா செஞ்சாங்கன்னு மகளுக்குக் காட்டணும். நீங்க சும்மா உக்காருங்க."

அவர் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பங்களாவில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கே கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தார், முழங்காலில் வைத்தார், கடைசியில் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். புல்வெட்டி, மண்கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கேட்டபோது எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை.

துரைசாணி கரட் விதையை மூன்று விரல்கடை ஆழத்தில் புதைத்தார். போஞ்சிக்குக் காலை, பகல், மாலை தண்ணீர் ஊற்றினார், மழை பெய்தாலும் ஊற்றினார். எல்லாப் பாத்தியிலும் வாழைப்பழத் தோலைப் பரப்பினார். வீடியோவில் அதுதான் பெரிய இரகசியமாம்.

"அவ்வளவு ஆழத்துல போட்டா கரட் எங்க இருந்து மொளைக்கும்?" என்று மாமா என்னிடம் முணுமுணுத்தார்.

"சொல்லிருங்களேன் மாமா."

"சொல்லலாந்தான்."

சொல்லவில்லை. இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. ஒருநாள் மகள் வீடியோவில் வந்து தோட்டத்தைக் காட்டச் சொன்னாள். துரைசாணி போனை அவசரமாக ரோஜாப் பக்கம் திருப்பி, வெளிச்சம் சரியில்லை, நாளைக்குக் காட்டுகிறேன் என்றார். பேசி முடித்தபின் வெறும் பாத்திகளுக்கு முன்னால் நின்றார். தோள் குலுங்கியது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மாமா வாளியிலிருந்து பார்த்தார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும்போது இரண்டு வரிசை போஞ்சி முளைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, யாரோ நூல் பிடித்து நட்ட மாதிரி. துரைசாணி இரவு உடுப்போடு ஓடிவந்து மண்ணில் மண்டி போட்டுவிட்டார். என்னைப் படம் எடுக்கச் சொன்னார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உங்க கைராசிங்க" என்றார்.

பீலியடியில் கை கழுவும்போது நான் கேட்டேன்: "எங்க இருந்து மாமா?"

"எங்க இருந்தா என்னா. மொளச்சிருச்சுல்ல."

லயத்துக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கும் தேயிலைக்கும் நடுவில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அத்தையும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்திப் போட்டது. போஞ்சி, கோவா, நோக்கோல், கரட். அன்று முதல் அந்தத் துண்டு நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மலையேறிப் பங்களாவுக்குப் போகத் தொடங்கியது. போஞ்சிக்குப் பிறகு கோவாக் கன்று, கோவாவுக்குப் பிறகு நோக்கோல். விடியும் முன்னே பழைய சீமெந்துப் பையில் மண்ணோடு கெல்லி எடுத்துக்கொண்டு போய் நட்டுவிட்டு, அடிமண்ணைக் கையால் தடவி, மேலே வாழைப்பழத் தோலை முன்பு கிடந்த மாதிரியே போட்டுவைப்பார்.

மகள் தோட்டத்தைப் பார்த்தாள். அம்மா, நீங்களா என்று கேட்டாள். துரைசாணி ஆமாம் என்று சொல்லிச் சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் உண்மை பேச மனம் வராது. மாமாவுக்கு அது எப்போதுமே வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கரட்டுக்குப் போய்விட்டார். சித்திரை மாதம் ஒருநாள் காலை, விதை போட்ட இருபத்தைந்தாம் நாள், துரைசாணி ஒரு கரட்டை இலையைப் பிடித்து இழுத்தார். சாண் நீளத்தில் நேராக வந்தது.

"மாமா, கரட்டுக்கு மூணு மாசம் ஆவும்ல" என்றேன்.

"அது அவங்களுக்குத் தெரியாது" என்றார் நிம்மதியாக.

துரைசாணிக்குத் தெரியாதுதான். ஆனால் அவர் என்னை எடுக்கச் சொன்ன படங்கள் எல்லாம் பேஸ்புக்கில் ஒரு குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊரடங்கில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களின் குழு. கரட் படத்தைப் பார்த்துவிட்டு விவசாயம் தெரிந்த ஒருவர், இருபத்தைந்து நாளில் எந்த இன விதை என்று கேட்டிருந்தார். துரைசாணி மாமாவிடம் கேட்டார்.

மாமா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "மலைக் காத்துங்க" என்றார்.

துரைசாணி அதை அப்படியே எழுதி, கூடவே வாழைப்பழத் தோலையும் எழுதினார். நூற்றுக்கணக்கான பேர் நன்றி சொன்னார்கள். கொழும்பிலும் குருநாகலிலும் எத்தனை வீட்டில் எத்தனை வாழைப்பழத் தோலைப் புதைத்தார்களோ தெரியாது. ஒரு பெண், ஒரு மாதமாகப் போடுகிறேன், ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தாள். மனம் தளராதீர்கள், உங்கள் ஊர் மண் அப்படி என்று துரைசாணி பதில் போட்டார். மாமாவோடு பழகியதில் இவருக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் லயத்தில், டவுனிலிருந்து மரக்கறி லொறி வருவது நின்றிருந்தது. வீட்டுக்கு வீடு சோறும் பருப்பும்தான். ஒரு மாலை, நடுச் சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது.

"ரெண்டு போஞ்சி பறிச்சு வெள்ளக்கறி வைப்போம்னு போனா, குழிதான் இருக்கு."

"எலின்னு சொன்னேன்ல."

"எலி வரிசையா, மண்ணோட கெல்லிட்டுப் போவுமா?"

அத்தை சட்டியைத் தரையில் தட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா மக மூஞ்சியப் பாத்து அழுவுறாங்க புள்ள" என்றார் மாமா.

"நம்ம மக நானுஓயாவுல இருந்து போன் பண்ணா நான் என்னாத்தக் காட்டுறது? குழியக் காட்டவா?"

எங்கள் அம்மா கொஞ்சம் கீரையை எடுத்து என்னிடம் கொடுத்து, அத்தையிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அத்தை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து துரைக்கு ஒரு கடிதம் வந்தது. பங்களாக்களில் ஆள் குறைக்க வேண்டும். பிற்பகல் தேநீர் நேரத்தில் துரை அதை வாசித்துக் காட்டினார். நான் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"தோட்டத்துக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்டார்.

துரைசாணி யோசித்தார். அந்தக் குரலில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. "பாவம், மூன்று மாதமாக அவர் வாளியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் நானே செய்துவிட்டேன். ஒரு மனிதரைச் சும்மா உட்கார வைத்திருப்பது அவருக்கும் அவமானம். தோட்டம் அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

நான் கோப்பையை விட்டுச் சாசரில் ஊற்றிவிட்டேன்.

மாமாவைப் பங்களா கேட்டடியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"நாளைக்கே சொல்லிருங்க மாமா. இல்லாட்டி நான் சொல்றேன்."

"நீ சொல்லக் கூடாது. மூணு மாசமா ஊருக்கெல்லாம் காட்டியிருக்காங்க. மகளுக்குக் காட்டியிருக்காங்க. இப்பப் போய் இது ஒண்ணும் உங்களது இல்லன்னு சொன்னா அந்தம்மா மூஞ்சி என்னா ஆவும்?"

"ஒங்க வேல போவுதே மாமா."

"வேல எங்க போவுது. மலையில இருக்கு" என்றார்.

கடைசி நாள் துரைசாணி அவரை விறாந்தைக்குக் கூப்பிட்டு ஒரு பொதி கொடுத்தார். உள்ளே ஒரு கம்பளிச் சட்டையும் ஐந்து பக்கட் விதையும் இருந்தன. "இனி வீட்டுல நீங்களும் செய்யலாம். கஷ்டம் இல்ல" என்று சொல்லி, போஞ்சி விதையை எப்படி ஊன்றுவது, எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முப்பது வருஷத் தோட்டக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இடையில் ஒரு சந்தேகமும் கேட்டார்.

"வாழப்பழத் தோல பச்சையாப் போடணுங்களா, காயவச்சுப் போடணுங்களா?"

"காயவச்சு. சின்னதா வெட்டி."

"இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சுங்க" என்றார் மாமா.

நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

திங்கட்கிழமை பெரட்டில் அவரைப் புல்வெட்டும் ஆட்களோடு சேர்த்துவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. செங்குத்தான மலை, அட்டை, காற்று. ஐம்பத்தேழு வயதில், சமதரையில் ரோஜாவோடு வாழ்ந்த முழங்கால் அதற்குப் பழகவில்லை. மாலையில் வந்து வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அத்தை சுடுதண்ணீர் ஊற்றுவாள். "இந்த மலை கொஞ்சம் வழுக்கல், மத்தபடி வேலை நல்ல வேலை" என்பார். தன் முழங்காலுக்குக்கூட அவர் குற்றம் சொல்லவில்லை, மலைக்குத்தான் சொன்னார்.

பங்களாவில் ஒரே மாதத்தில் எல்லாம் போயிற்று. கோவா அழுகியது. போஞ்சிக் கொடி மஞ்சளாகி விழுந்தது. துரைசாணி மறுபடி விதை போட்டார், மறுபடி தோல் பரப்பினார், முளைக்கவில்லை. குழுவில் அடுத்த அறுவடைப் படம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மழைக்கோட்டோடு பாத்திக்கு முன்னால் நின்று என்னிடம் கேட்டார்: "அப்போதும் நான்தான் செய்தேன். இப்போதும் நான்தான் செய்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?"

அன்று காலைதான் மாமா படி இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு அடக்க முடியவில்லை. போஞ்சி யாருடையது, கோவா யாருடையது, எந்த நேரத்தில் யார் கொண்டுவந்து நட்டது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

துரைசாணி பூவாளியைக் கீழே வைத்தார். "கரட்டுமா?" என்று கேட்டார்.

"கரட்டும்தான் அம்மா."

ஞாயிற்றுக்கிழமை அவர் லயத்துக்கு நடந்தே வந்தார். துரைசாணி ஒருவர் எங்கள் வாசலுக்கு நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் எழுந்து நின்றார்கள். மாமா மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நான் எங்கள் வாசலில் இருந்தேன்.

"இந்தப் புள்ள சொல்றது உண்மையா? எல்லாம் நீங்க வச்சதா?"

மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துரைசாணியைப் பார்த்தார்.

"அது சின்னப் புள்ளைங்க, வெளங்காமச் சொல்லுது. நான் ஒரு செடியும் வைக்கல. எல்லாம் உங்க கைதாங்க."

லயமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இருபத்தேழு வயது. அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அத்தை வெளியே வந்து வாயைத் திறந்தாள். "அம்மாவுக்குத் தேத்தண்ணி வையி" என்றார் மாமா. அத்தை அவரை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

துரைசாணி உட்காரவில்லை. லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். மாமாவும் பின்னாலேயே ஓடினார். அங்கே வெறும் பாத்தி. வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர்.

"இது என்ன?"

"எலிங்க."

துரைசாணி அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி வந்தது. நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, கோப்பையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே வாசலுக்கு வந்தார்.

"கோவமா புள்ள?"

நான் கதவைப் பாதி சாத்தினேன்.

"ஓம் மேல தப்பு இல்லன்னு அந்தம்மாகிட்ட நான் சொல்லிர்றேன். காய்ச்சல்ல ஒளறிருச்சுன்னு சொல்றேன்."

"காய்ச்சல்னு சொன்னா மறுபடியும் கதவுல தாள் ஒட்டுவாங்க மாமா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன்.

பங்களாவிலும் துரைசாணி என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். என்னை நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். அடுத்த வாரம் ஒருநாள் காலைச் சாப்பாட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். முதுகு வலி என்றார். இனிக் குனியவே கூடாது என்று டாக்டர் போனில் சொன்னாராம். இப்படியே விட்டால் தோட்டம் காடாகிவிடும், அந்தப் பழைய ஆளைத் திருப்பிக் கொடுக்கும்படி கேளுங்கள் என்று துரையிடம் சொன்னார். துரை தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் என்ன பதில் எழுதினார்களோ, பத்து நாளில் மாமா பங்களா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"எனக்குக் குனிய ஏலாது" என்றார் துரைசாணி. என் பக்கம் பார்க்கவில்லை. "நீங்களே எல்லாம் செய்ங்க."

அந்த டாக்டரோடு அவர் பேசியதை நான் கேட்கவில்லை. முந்திய நாள்தான் அரிசி மூட்டையைச் சமையலறைக்குள் தனியாக இழுத்து வைத்திருந்தார். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் பொய் சொன்ன மனுஷன், தன்னிடம் ஒருவர் பொய் சொல்லக் கூடும் என்று கனவிலும் நினைத்ததில்லை. மறுநாளே மாமா, அத்தை நொச்சி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு போத்தலில் கொண்டுவந்தார். காலையும் மாலையும் வலி எப்படி என்று விசாரித்தார். துரைசாணி அவரைக் கண்டால் இடுப்பில் கை வைக்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் பெரிய பூச்சட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு விறாந்தை மூலையில் திரும்பியவர், எதிரே மாமா வருவதைப் பார்த்துச் சட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து முனகினார். மாமா ஓடிவந்து அவரைக் கடிந்துகொண்டார். முப்பது வருஷத்தில் ஒரு துரைசாணியை அவர் கடிந்து பேசியது அன்றுதான். துரைக்கு மாற்றல் வரும்வரை, ஒன்றரை வருஷம், துரைசாணி தன் பங்களாவிலேயே நிமிர்ந்து நடக்க முடியாமல் போயிற்று.

பூச்சட்டி நடந்த அன்று மாலை வேலை முடிந்து இறங்கும்போது மாமா எனக்காகப் பாதையில் காத்திருந்தார். அதுவரை அவரோடு நான் சரியாகப் பேசத் தொடங்கவில்லை.

"புள்ள, நீ வீட்டுக்குள்ள இருக்கிறவ. உள்ளதச் சொல்லு. அந்தம்மாவுக்கு வலி கடுமையா? எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனைக்கிறேன். நான் மனசு கஷ்டப்படுவேன்னு."

அவர் முகத்தில் அவ்வளவு கவலை. உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. பொய்க்காரியாக்கப்பட்டவள் நான், அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வாக்கியம் போதும்.

"வலி இருக்கத்தான் செய்யுது மாமா. ஆனா முன்னைக்கு இப்ப பரவால்லையாம். அத்தை காச்சுன எண்ணையாலதான் நடமாடுறேன்னு நேத்துக்கூடச் சொன்னாங்க."

"அப்பிடியா சொன்னாங்க?"

"ஆமா மாமா."

அவர் பெருமூச்சு விட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு போத்தல் காச்சச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் வேகமாக இறங்கிப் போனார்.